எல்லோருக்கும் திறந்திருந்த வகுப்பு

பன்னிரண்டாம் வகுப்பான பி.யூ.சி. முடித்ததும் நர்சிங் படிக்கிறேன் என்று நிர்மலா வீட்டில் கேட்டாள். கர்நாடகத்தில் ஹனூருக்குப் பக்கத்தில் ராகியும் மக்காச்சோளமும் போட்டுப் பிழைத்த குடும்பம் அது. அப்பா தொட்டையன் எதையும் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்கிற ஆளில்லை. "அடுத்த வருசம் பாக்கலாம் அம்மிணி" என்றார். அடுத்த வருஷம் மாப்பிள்ளை வந்துவிட்டான். சுரேந்தர், மைசூரில் டைல்ஸ் பதிக்கிறவன். அவனுடைய அண்ணன் அய்யாவு உள்ளூரிலேயே தோட்டம் வைத்திருந்ததால் தெரிந்த குடும்பம். படிப்புப் பேச்சு அத்தோடு அடங்கிப்போனது.

அதற்காக அவள் யாரையும் குறை சொன்னதில்லை. சுரேந்தர் நல்லவன். வாய் ஓயாமல் பேசுவான். கோபம் வந்தால் தெருமுனைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு, எதற்குக் கோபப்பட்டோம் என்பதையே மறந்து திரும்பி வருவான். அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போகும்போது வழியெல்லாம் கை காட்டுவான். "அந்தப் பச்சை கேட் வீடு பாத்தியா? ஹால் மொத்தமும் நான் போட்டது. தண்ணி ஊத்துனா ஒரு சொட்டு நிக்காது."

மகள் மனிஷா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் நிர்மலா மைசூர் அக்ரஹாரத்தில் நஞ்சுண்டசாமி என்பவருடைய ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பெயர்தான் ஜெராக்ஸ் கடை. ஆதார் திருத்தம், ரேஷன் கார்டு, கல்லூரி விண்ணப்பம் என்று கம்ப்யூட்டர் பழகாதவர்களின் வேலையெல்லாம் அங்கேதான் வந்து சேரும். நிர்மலா வீட்டில் பேசியது தமிழ், பள்ளியில் படித்தது கன்னடம், கடையில் தட்டியது ஆங்கிலம். மூன்றும் பழகிப்போயின. இருந்தாலும் நர்சிங் கல்லூரிக்கு யாராவது ஒரு பெண் விண்ணப்பம் போட வந்தால், அதை மட்டும் இன்னொரு தடவை சரிபார்ப்பாள்.

மனிஷா பி.யூ. சேர்ந்த வருஷம் மழைக்காலத்தில் சுரேந்தருக்கு முதுகும் வயிறும் சேர்ந்து வலிக்க ஆரம்பித்தது. நாளெல்லாம் குனிந்து வேலை பார்க்கிற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று தைலம் தேய்த்தார்கள், இடுப்புக்குப் பெல்ட் கட்டினார்கள். கண் மஞ்சளான பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது. கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் ஏறிவிட்டது என்றார்கள். சில மாதம் மருந்து ஏற்றினார்கள். கட்டி அப்படியே இருக்க, ஆள்தான் கரைந்துகொண்டே போனான். ஒருநாள் டாக்டர் நிர்மலாவையும் அய்யாவுவையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இனி மருந்தை உடம்பு தாங்காது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கன்னடத்தில் சொன்னார். "நல்லபடியாப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். கெட்ட மனிதரில்லை. அவருக்காக வெளியே அவ்வளவு பேர் காத்திருந்தார்கள்.

அய்யாவு வராந்தாவிலேயே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்கிட்ட மூச்சு விடப்படாது அம்மிணி. புள்ளைகிட்டயும் சொல்லப்படாது. மனசு உட்டுட்டான்னா அன்னைக்கே போயிருவான்" என்றார். பிறகு உள்ளே போய்த் தம்பியின் கட்டிலில் உட்கார்ந்து, சிரித்த முகமாக, "டேய், ஒடம்பு கொஞ்சம் தேறுனா ஆபரேசன் பண்ணீரலாங்கறாரு டாக்டரு. நல்லாத் தின்னு. எடை ஏறோணும், அவ்வளவுதான்" என்றார்.

சுரேந்தர் அண்ணனை நம்பினான். சின்ன வயதிலிருந்தே அண்ணன் சொன்னதைக் கேட்டுப் பழகியவன்.

நல்லபடியாகப் பார்த்துக்கொள்வது என்றால் எப்படி? நிர்மலா அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்கு வந்தாள். அவன் வலியில் நெளியும்போது என்ன செய்வது, படுத்தே கிடந்து முதுகில் புண் வந்தால் என்ன செய்வது, வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது? பக்கத்து வீட்டில் ஒருவர் பப்பாளி இலை அரைத்துக் கொடுக்கச் சொன்னார். இன்னொருவர் நஞ்சன்கூடு கோயிலுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார். அவள் இரண்டையும் செய்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கடைக்கு ஒரு நர்சிங் மாணவி வந்தாள். கல்லூரியில் இணையப் படிப்பு ஒன்றை முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், பதிவு செய்ய வேண்டும் என்றாள். நிர்மலா அவளுக்காகத் தளத்தைத் திறந்தாள். வெளிநாட்டுப் பெரிய பல்கலைக்கழகங்கள் நடத்துகிற வகுப்புகள், யார் வேண்டுமானாலும் சேரலாம், கட்டணம் கிடையாது. வானியல், கணக்கு, சமையல், சட்டம் என்று அவை இறங்கிக்கொண்டே போயின. நடுவில் ஒன்று: தீராத நோயாளிகளை வீட்டில் பராமரிப்பது. மாணவி போன பிறகு நிர்மலா அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வந்து, தன் பெயரைத் தட்டினாள். வயது கேட்டார்கள், நாடு கேட்டார்கள். மதிப்பெண் யாரும் கேட்கவில்லை. நர்சா, டாக்டரா என்று கேட்கவில்லை. "வருக நிர்மலா" என்று திரையில் வந்தது. உலகம் முழுவதிலுமிருந்து லட்சம் பேருக்கு மேல் இந்த வகுப்பில் இருக்கிறார்கள் என்றும் கீழே போட்டிருந்தது. அன்று சாயங்காலம் கடையிலிருந்து நடந்து போகும்போது, பல வருஷங்களுக்குப் பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வருகிற மாதிரி அவளுக்கு இருந்தது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டாள்.

பாடம் நடத்திய டீச்சர் நரைத்த தலையோடு, தணிந்த குரலில் பேசுகிற ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அவருடைய ஆங்கிலம் நிர்மலாவுக்குப் பாதி புரிந்தது, பாதி நழுவியது. திரைக்குக் கீழே கன்னட எழுத்துகள் ஓடுமாறு வைத்துக்கொண்டாள். அது எந்திரம் செய்த மொழிபெயர்ப்பு. சாவதும் சாயம் தோய்ப்பதும் ஆங்கிலத்தில் 'டையிங்' என்றே ஒலிப்பதால் எந்திரம் குழம்பியிருக்க வேண்டும். 'சாயம் தோய்க்கும் நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்' என்று எழுத்து ஓடியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், கடையின் பின்பக்கம் காகிதக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு அழுகையானது. நஞ்சுண்டசாமி எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

ஆனாலும் அந்தப் படிப்பு வேலை செய்தது. பஞ்சை நனைத்து வாயை ஈரமாக வைக்கக் கற்றுக்கொண்டாள். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுக்கவைக்கக் கற்றுக்கொண்டாள். மூச்சுத் திணறினால் முகத்துக்கு நேரே மெல்லிய காற்று படும்படி ஃபேனைத் திருப்ப வேண்டும் என்பதும் அதில்தான் தெரிந்தது. எல்லாவற்றையும்விட, வலிக்கு மார்ஃபின் என்று ஒரு மாத்திரை இருக்கிறது, இந்த நோய்க்கு அதைக் கொடுப்பது வழக்கம்தான் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இருக்கும்மா. அதுக்குத் தனிப் பிரிவே இருக்கு. உங்களை யாரும் அனுப்பலையா?" என்று அவரே வருத்தப்பட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரை உள்ளே போன மூன்றாம் நாள் சுரேந்தர் மத்தியானம் முழுக்க அசையாமல் தூங்கினான். நிர்மலா கதவோரம் நின்று அவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனிஷா சினேகிதிக்கு ஏதோ அனுப்ப அம்மாவின் போனை எடுத்தாள். பி.யூ. முதல் வருஷம் படிக்கிற பெண். ஆங்கிலம் அவளுக்கு நன்றாகவே புரியும். போனைக் கையில் வைத்துக்கொண்டே அடுப்படிக்கு வந்தாள்.

"அம்மா, என்னம்மா இது? 'எண்ட் ஆஃப் லைஃப்'னு போட்டிருக்கு."

"அது ஒரு படிப்பு, கண்ணு. சும்மா…"

"யாருக்கு எண்ட் ஆஃப் லைஃப்?"

நிர்மலா அடுப்பைத் தணித்தாள். கரண்டியை வைத்தாள். அதுவே மகளுக்குப் போதுமாக இருந்தது.

"ஆபரேஷன்னு சொன்னாங்க பெரியப்பா."

"மெதுவாப் பேசு. அப்பாவுக்குக் கேக்கும்."

"அப்பா எடை ஏறணும்னு தினமும் அழுதுட்டே முட்டை சாப்பிடறாரு. நீ இங்க உக்காந்து அவர் சாகறதுக்குப் பாடம் படிச்சிட்டிருக்கே. குவிஸ் வேற எழுதியிருக்கே! ஏய்ட்டி பர்சென்ட் வாங்கியிருக்கே!"

"கண்ணு, நான் சொல்றதைக் கேளு…"

"பேடா. எனக்கு ஒண்ணும் கேக்க பேடா." வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் சொன்னவள், போனை மேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு அப்பாவின் முன்னால் வழக்கம்போலப் பேசினாள், சிரித்தாள். அம்மாவிடம் பேச்சை வேண்டிய அளவோடு நிறுத்திக்கொண்டாள்.

மகள் சொன்னது உண்மைதான். சுரேந்தர் சாப்பிட்டான். அது சாப்பாடாகவே இல்லை. ஒரு கவளத்தை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவான். வாந்தி வரும். வாயைக் கொப்பளித்துவிட்டுத் தட்டை மறுபடி இழுத்துக்கொள்வான். "அரைக் கிலோ ஏறியிருக்கும்ல?" என்று கேட்பான். நிர்மலா அவனைத் தாங்கிப் பிடித்து எடை மெஷினில் ஏற்றி இறக்குவாள். பொய்யாக ஒரு எண்ணைச் சொல்வாள். அவன் முகம் தெளியும். அடுத்த வேளைக்கு இன்னும் ஒரு முட்டை கேட்பான்.

வகுப்பில் அந்த வாரம் வந்த பாடம் உண்மையைப் பேசுவது பற்றியது. நோயாளிக்கு என்ன தெரியும் என்று முதலில் கேளுங்கள், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேளுங்கள், பிறகு மெதுவாகச் சொல்லுங்கள், சொல்லிவிட்டுக் கூடவே இருங்கள் என்றார் டீச்சர். ஒரு நோயாளியாக நடித்தவர் கண்ணீரோடு தலையாட்டி நன்றி சொன்னார். நிர்மலா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அந்த வீடியோவில் அண்ணன் இல்லை, வராந்தா இல்லை, எடை ஏறினால் ஆபரேஷன் என்கிற பேச்சும் இல்லை.

இருந்தும், ஒரு காலை வேளையில், வாந்தியைத் துடைத்து முடித்துவிட்டு அவன் மறுபடி தட்டை இழுத்தபோது அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஏங்க, போதும். விடுங்க."

"ஏறணும்ல நிர்மலா. ஆபரேஷன் எப்பன்னு கேட்டியா?"

"உங்க ஒடம்பைப் பத்தி உங்களுக்கு என்ன தோணுது?" பாடத்தில் இருந்த கேள்விதான். தமிழில் கேட்டபோது அவள் காதுக்கே அது வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

"என்ன தோணுது? தேறிட்டா வெட்டி எடுத்துருவாங்க. அண்ணன் சொன்னாரே."

"டாக்டருங்க நெஜமா என்ன சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியணுமா?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு, "சொல்லு" என்றான்.

அவள் சொன்னாள். ஆபரேஷன் இல்லை என்றாள். எப்போதுமே இருந்ததில்லை என்றாள். சொல்லிவிட்டு, டீச்சர் சொன்னபடி அவன் கையைப் பிடித்தாள். அவன் நன்றி சொல்லவில்லை, அழவும் இல்லை. கையை உருவிக்கொண்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தான்.

பல நாள் அப்படியே கிடந்தான். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டை நிறுத்திவிட்டான். கொஞ்சம் மோர், இரண்டு வாய் இளநீர், அவ்வளவுதான். வாந்தியும் அதோடு நின்றது. அது நிம்மதியா, வெறுப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்கப் பேசியே இருந்தவன் அவன். அவன் மௌனத்தைப் படிக்க அவளுக்குப் பழக்கமே இல்லை.

வகுப்பில் கலந்துரையாடல் பக்கம் ஒன்று இருந்தது. சந்தேகங்களை அங்கே கேட்கலாம். நிர்மலா முதலில் கன்னடத்தில் எழுதி, எந்திரத்தில் போட்டு ஆங்கிலமாக்கி, கேள்வியைப் பதிவு செய்தாள். 'என் கணவரிடம் உண்மையைச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை. நான் செய்தது தவறா? இனி என்ன செய்ய வேண்டும்?' மறுநாள் பார்த்தாள். அவள் கேள்வி நாலைந்து பக்கம் கீழே தள்ளிப்போயிருந்தது. மேலே புதுக் கேள்விகள் குவிந்திருந்தன. சான்றிதழ் எப்போது வரும், வீடியோ ஏன் நிற்கிறது, மூன்றாம் கேள்விக்கு விடை என்ன? டீச்சர் அந்தப் பக்கத்துக்கு வருவதே இல்லை என்று பிறகு யாரோ எழுதியிருந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அந்த வீடியோக்கள் சில வருஷங்களுக்கு முன்பே எடுத்தவையாம். அத்தனை நாள் தன் முகத்தைப் பார்த்துப் பேசியதாக அவள் நினைத்திருந்த குரல் எங்கேயோ எப்போதோ பேசி முடித்துவிட்டுப் போன குரல். அப்படியும் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். பதில் வரவில்லை.

அய்யாவுவுக்கு விஷயம் தெரிந்தது சுரேந்தர் மூலமாகத்தான். போனில் அண்ணனிடம், "ஏண்ணா பொய் சொன்னே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிட்டான். அன்று மத்தியான பஸ்ஸிலேயே அவர் வந்து இறங்கினார். வழியிலேயே மனிஷாவுக்குப் போன் போட்டு அந்த வகுப்பைப் பற்றியும் கேட்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சொல்லீட்டியா?"

"மாமா, அவரு சாப்பிட்டுச் சாப்பிட்டு வாந்தி எடுத்து…"

"போன்ல எவளோ வெள்ளக்காரி சொன்னாளாம், இவ சொன்னாளாம். அவளுக்கு என்ற தம்பியத் தெரியுமா? அவன் சின்னப் பையனா இருந்தப்ப இருட்டுனா எந்திரிச்சு ஒண்ணுக்குப் போக மாட்டான், நாந்தான் கூடப் போவேன். அது உன்ற பாடத்துல இருந்துதா?" குரல் உடைந்து அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நிர்மலா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

அண்ணன் வந்துபோன பிறகு சுரேந்தர் மெல்லப் பேச ஆரம்பித்தான். டிவி போடச் சொன்னான். ஒருநாள் மனிஷாவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னான். உள்ளே என்ன பேசினார்கள் என்று நிர்மலாவுக்கு இன்றுவரை தெரியாது. மகள் சிவந்த கண்களோடு வெளியே வந்து நேராகக் குளியலறைக்குப் போனாள். இன்னொரு நாள் நிர்மலா அவனுக்கு வாய் துடைத்துவிடும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"எல்லாருமாச் சேந்து ஏமாத்துனீங்க. நீ ஒருத்திதான் நெஜத்தைச் சொன்னே."

அவள் பஞ்சைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"அதுக்காக நல்லாப் பண்ணுனேன்னு சொல்ல மாட்டேன்" என்றான். பிறகு, "ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு" என்றான்.

சுரேந்தர் இறந்தது ஒரு மத்தியானத்தில். அன்று காலையிலிருந்தே தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம் இருந்தது. அது என்ன சத்தம் என்று நிர்மலாவுக்குத் தெரியும். அவனைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்தாள். மனிஷா பயந்து காதைப் பொத்திக்கொண்டபோது, "அப்பாவுக்கு இது வலிக்காது கண்ணு, நமக்குத்தான் கேக்கச் சங்கடமா இருக்கும்" என்றாள். மனிஷா வந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முந்தின நாளே வந்திருந்த அய்யாவு, ஆம்புலன்ஸைக் கூப்பிடு, ஆஸ்பத்திரியில் போட்டு மூச்சுக்குழாய் வைக்கச் சொல்லலாம் என்று கத்தினார். நிர்மலா வேண்டாம் என்றாள். அவள் மூத்தாரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்து, பிறகு வரவில்லை.

காரியம் முடியாத வீடு. ஹனூரிலிருந்து வந்த பெண்கள் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். போனில் வகுப்பிலிருந்து நினைவூட்டல் வந்தது. கடைசிப் பயிற்சிக்காக ஒரு நோயாளிக்கான பராமரிப்புத் திட்டத்தை அவள் முன்பே எழுதி அனுப்பியிருந்தாள். சுரேந்தரைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். இவ்வளவு பெரிய வகுப்பில் டீச்சர் தாளைத் திருத்துவதில்லை; படிக்கிறவர்கள் ஒருவர் தாளை ஒருவர் திருத்த வேண்டும். அவள் திருத்த வேண்டிய தாள்களுக்குக் கெடு முடியப்போகிறது, அவள் போடப்போகும் மதிப்பெண்ணுக்காக வேறு சிலர் காத்திருக்கிறார்கள் என்று செய்தி சொன்னது.

அவள் அறை மூலையில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். முதல் இரண்டும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது போல இருந்தன. மூன்றாவது எந்த நாட்டிலிருந்தோ ஒரு ஆண் எழுதியது. ஆங்கிலம் அவளுடையதைவிட மோசம். தன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தான். அம்மா எலும்பும் தோலுமாகிவிட்டாள், சாய்வு நாற்காலியிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதிவிட்டுக் கடைசியில், 'நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை' என்று முடித்திருந்தான். கருத்து எழுதுவதற்கு ஒரு பெட்டி இருந்தது. நிர்மலா அதற்குள் விரலை வைத்தாள். சொல்லுங்கள் என்று எழுத வரவில்லை. சொல்லாதீர்கள் என்றும் வரவில்லை. 'உட்காரும் இடத்தில் புண் வரும். அடிக்கடி எழுப்பி நிற்க வையுங்கள், முடியாவிட்டால் பக்கம் மாற்றிச் சாயவையுங்கள்' என்று எழுதி, முழு மதிப்பெண் போட்டாள்.

அய்யாவுவின் மனைவி மாரக்காள் அறைக்குள் வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். "இன்னுமா புள்ள அந்தப் படிப்பு?" என்றாள். வெளியே போய்ச் சொன்னாள் போலிருக்கிறது. ஹாலில் பேச்சு நின்று, மறுபடி தாழ்ந்த குரலில் தொடங்கியது. அந்த ஆளின் அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்பதை அந்தப் பெண்களுக்கு எப்படி விளக்குவது?

அவளுடைய தாளுக்கு மதிப்பெண் பிறகு வந்தது. ஒருவர் நிறையப் போட்டிருந்தார். மற்ற இருவரும், கொடுத்த தலைப்புகளின் கீழ் எழுதவில்லை, இது திட்டமல்ல, கதை என்று குறைத்திருந்தார்கள். தேர்ச்சிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அடுத்த சுற்றில் மறுபடி எழுதலாம், தேறினால் சான்றிதழுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும் என்று தளம் சொன்னது. லட்சம் பேரில் கடைசிவரை வந்தவர்கள் கொஞ்சம்தான் என்று அதே பக்கத்தில் ஒரு கணக்கும் இருந்தது. நின்றுபோனவர்கள் ஏன் நின்றார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வேலை வந்ததாலா, ஆங்கிலத்தாலா, வீட்டில் பார்த்துக்கொள்ள இனி ஆள் இல்லாமல் போனதாலா? நிர்மலா மறுபடி எழுதவில்லை. திட்டம் போட வேண்டிய ஆள் போய்விட்டான்.

அவளுடைய கேள்விக்கு ஒரே ஒரு பதில் வந்தது, சுரேந்தர் போய் வெகுநாள் கழித்து. பிரேசிலிலிருந்து ஒரு பெண். 'என் அப்பாவும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எனக்கும் தெரியவில்லை. உங்கள் கணவர் எப்படி இருக்கிறார்?' கடையில் அன்று கல்லூரி விண்ணப்பக் கூட்டம். நிர்மலா நின்றபடியே அதைப் படித்தாள். பதில் எழுத வேண்டும் என்று நினைத்தாள். சாயங்காலம் திறந்தபோது அந்தச் சுற்று முடிந்துவிட்டது, இனி எதுவும் எழுத முடியாது என்று பக்கம் மூடியிருந்தது.

வருஷத் திதிக்கு ஹனூர் போனார்கள். அய்யாவு வீட்டில்தான் படையல். அவர் போன வருஷத்தைவிடக் கூனிப் போயிருந்தார். நிர்மலாவை வா என்று கேட்டார், அதற்கு மேல் பேசவில்லை. எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, யாரையும் பார்க்காமல், பொதுவாகச் சொல்வது போலச் சொன்னார்.

"சொல்லாம இருந்திருந்தா இன்னுங் கொஞ்ச நாள் இருந்திருப்பான். நம்பிக்கையோட போயிருப்பான்."

நிர்மலா இலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. அந்த வார்த்தைகளை அவளும் தனக்குள் பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவர் வாயிலிருந்து கேட்டபோது புதிதாக ஒன்றும் வலிக்கவில்லை.

மனிஷாதான் பேசினாள். தமிழைத் தேடித் தேடிப் பேசினாள். "பெரியப்பா, அப்பாவுக்கு லாஸ்ட்ல வலி இல்ல. அது அம்மா படிச்சதாலதான். அதையும் சொல்லுங்க."

அய்யாவு தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டாரா, போதும் என்றாரா தெரியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம். கொள்ளேகாலில்தான் இருவருக்கும் சேர்ந்து உட்கார இடம் கிடைத்தது. மகள் தன் பக்கம் நின்று பேசியதைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நிர்மலா வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் மனிஷா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினாள்.

"அப்பாகிட்ட நேராச் சொன்னே. கையைப் பிடிச்சிட்டுச் சொன்னே. என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"பெரியப்பா சொல்லக் கூடாதுன்னாரு…"

"அப்பாகிட்டயும்தான் சொல்லக் கூடாதுன்னாரு."

நிர்மலாவுக்கு அந்தப் பாடத்தில் வந்த எல்லாமே ஞாபகத்தில் இருந்தன. நோயாளியிடம் எப்படிக் கேட்பது, எப்படி நிறுத்தி நிறுத்திச் சொல்வது. வீட்டில் இன்னொருத்தி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அப்பா பிழைத்துவிடுவார் என்று காத்திருந்தாள் என்பது மட்டும் அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"நான் போன்ல பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேம்மா" என்றாள் மனிஷா. குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"தப்புத்தான் கண்ணு" என்றாள் நிர்மலா.

கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தார். நிர்மலா மைசூருக்கு இரண்டு என்றாள். வெளியே கரும்புக்காடுகள் போய்க்கொண்டிருந்தன. பஸ் நரசிபுரம் தாண்டிய பிறகும் இருவரும் பேசவில்லை. மகள் தோள் மட்டும், இடநெருக்கடியால், அவள் தோளோடு ஒட்டியே இருந்தது.